ஐயருக்கு ட்ரான்ஸ்ஃபர்... வீட்டாருக்கு?

ஏப்ரல் கடைசி வந்துவிட்டால் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துக் குருமனைகளில் வேறு பேச்சே இருக்காது. "லிஸ்ட் வந்துட்டா?" இதுதான் பேச்சு. போன் அடித்தாலே வீட்டில் இருக்கிற எல்லோரும் ஐயர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் "சரிங்கய்யா... சரிங்கய்யா..." என்று சொல்லிவிட்டு வைப்பார். அந்த இரண்டு "சரிங்கய்யா"வுக்குள் ஒரு குடும்பத்தின் அடுத்த நாலைந்து வருடம் முடிவாகிவிடும்.

(தெரியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. தென் மாவட்டங்களில் சிஎஸ்ஐ சபைப் போதகரை மக்கள் "ஐயர்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி ஐயரம்மா. சாதிப் பெயருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவர்கள் குடியிருக்கும் சபை வீடு குருமனை. பல சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். பல சேகரங்கள் சேர்ந்தது திருமண்டலம், அதற்குத் தலைவர் பேராயர்.)

அப்புறம் நடப்பதெல்லாம் மளமளவென்று நடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிரிவு உபசாரக் கூட்டம். சால்வை, மாலை, கடிகாரம். மூன்று வருடமாகக் கமிட்டியில் ஐயரோடு மல்லுக்கட்டியவரே மைக் பிடித்து, இப்படி ஒரு ஐயரைப் பார்த்ததில்லை என்று கண் கலங்குவார். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஐயரம்மாவுக்கு ஒரு பட்டுப்புடவை. பிள்ளைகளுக்கு? அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாராவது நினைவு வந்து மேடைக்குக் கூப்பிட்டால் ஒரு பேனா செட் கிடைக்கும். மறுநாள் காலையில் லாரி வரும். கட்டில், பீரோ, அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வேத வியாக்கியானப் புத்தகங்கள், தொட்டிச் செடிகள், ஒரு நாய்க்குட்டி இருந்தால் அது. ஐயரம்மா வைத்த முருங்கை மட்டும் அங்கேயே நிற்கும். அடுத்து வருகிற அம்மா அதில் காய் பறிப்பார்.

இதில் எது சரி, எது தப்பு என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ட்ரான்ஸ்ஃபரே கூடாது என்று சொல்வதற்காக எழுதப்படுவதல்ல. போதகர் மாறுவது சபைக்கு நல்லது. ஆனால் அந்த நன்மைக்கான பில்லைக் கட்டுவது யார் என்று பார்த்தால், போதகரின் மனைவியும் பிள்ளைகளும்தான். அந்தக் கணக்கு எந்த ரிஜிஸ்டரிலும் ஏறுவதில்லை.

முதலில் மாற்றம் ஏன் நல்லது என்று பார்த்துவிடலாம். ட்ரான்ஸ்ஃபர் இல்லாவிட்டால் டவுனில் இருக்கிற பெரிய சபைக்கு மட்டும் நல்ல பிரசங்கியார் கிடைப்பார். தேரிக்காட்டு ஓரத்தில் நாற்பது வீடு இருக்கிற சபைக்கு யார் போவது? சம்பளம் பொதுவாக ஒரே அளவு, இடம் மட்டும் மாறும் என்று இருப்பதால்தான் அந்தச் சின்னச் சபைக்கும் முறையாகப் படித்துப் பட்டம் பெற்று அபிஷேகம் பண்ணப்பட்ட ஒரு குருவானவர் கிடைக்கிறார். இன்னொரு பக்கம், ஒருவரே ஆரம்பித்து ஒருவரே முப்பது வருடம் நடத்துகிற தனிச் சபைகள் இருக்கின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் பாஸ்டருக்குப் பின் மகன், மகனுக்குப் பின் மருமகன் என்று போகும்போது, காணிக்கை போட்டுக் கட்டிய கட்டடம் சபையின் சொத்தா, குடும்பத்தின் சொத்தா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. ஐயர் லாரி ஏறிப் போகிற சபையில் அந்தச் சந்தேகம் யாருக்கும் வராது. ஆல்டர் அங்கேயே இருக்கிறது, பத்திரம் அங்கேயே இருக்கிறது, ஆள் மட்டும் போகிறார்.

இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. அதில் மிகவும் சுவாரசியமான ஆள் ஜான் வெஸ்லி, மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்தவர். (1947ல் சிஎஸ்ஐ உருவானபோது அதில் சேர்ந்த சபைகளில் தென்னிந்திய வெஸ்லியன் மெதடிஸ்ட் சபையும் ஒன்று. அதனால் இது ரொம்பத் தூரத்துக் கதை அல்ல.) ஒரே ஊரில் நீண்ட நாள் இருந்தால் போதகரும் சலித்துப் போவார், சபையும் சலித்துப் போகும் என்பது அவர் எண்ணம். ஆகவே தம்முடைய பிரசங்கிகளைச் சுற்றிக்கொண்டே இருக்க வைத்தார். 1784ல் அவர் பதிவு செய்த சட்டப் பத்திரத்தில், ஒரு பிரசங்கியை ஒரே ஆலயத்துக்குத் தொடர்ந்து மூன்று வருடத்துக்கு மேல் நியமிக்கக் கூடாது என்று எழுதியே வைத்துவிட்டார். இங்கிலாந்து சபையில் அபிஷேகம் பெற்ற குருமாருக்கு மட்டும் விலக்கு. மூன்று வருடம்! இன்றைக்கும் குருமனைகளில் பேசப்படுகிற அதே நம்பர்.

ஆனால் வெஸ்லி வளர்ந்த வீட்டைப் பார்த்தால்தான் விஷயம் முழுதாகப் புரியும். அவர் அப்பா சாமுவேல் வெஸ்லியும் குருவானவர்தான். எப்வொர்த் என்ற ஊரில் ஏறக்குறைய நாற்பது வருடம் அசையாமல் இருந்தார். மனைவி சுசன்னா பத்தொன்பது பிள்ளை பெற்றார். ஏறக்குறைய பாதிப்பேர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். கடன் தலைக்கு மேல் போய் 1705ல் சாமுவேல் லிங்கன் கோட்டைச் சிறையில் கிடந்தார். 1709ல் குருமனை தீப்பிடித்து எரிந்தது. ஐந்து வயது ஜானை மாடி ஜன்னல் வழியாக ஊர்க்காரர்கள் இறக்கிக் காப்பாற்றினார்கள். சபையில் ஐயரைப் பிடிக்காத கூட்டம் ஒன்று இருந்ததால், தீ தானாகப் பிடித்ததா, வைக்கப்பட்டதா என்ற சந்தேகம் கடைசி வரை தீரவில்லை. ஆக, ஒரே ஊரில் இருந்துவிட்டால் குடும்பம் நிம்மதியாக இருக்கும் என்று யாரும் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம்.

கதை அதோடு முடியவில்லை. சாமுவேலுக்கு வயதாகி உடம்பு தளர்ந்தபோது ஒரே கவலை. தான் போய்விட்டால் வீடு போய்விடும். குருமனை உத்தியோகத்துக்கு உரியது, குடும்பத்துக்கு உரியது அல்ல. அதனால் ஜானே எப்வொர்த்துக்கு அடுத்த குருவாக வர வேண்டும், அம்மாவும் தங்கைகளும் அந்த வீட்டிலேயே இருக்கலாம் என்று கெஞ்சினார். ஜான் மறுத்துவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில்தான் தன்னால் அதிக நன்மை செய்ய முடியும் என்று நீளமாகக் காரணம் எழுதினார். 1735ல் அப்பா இறந்தார். சுசன்னா வீட்டைக் காலி செய்தார். அதன் பிறகு 1742ல் இறக்கும் வரை பிள்ளைகள் வீடுகளில் மாறி மாறித்தான் இருந்தார். சொந்தமாக ஒரு கதவைத் திறந்து மூட வாய்க்கவில்லை. அதே வருடம், 1735ல், ஜான் கப்பலேறி அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்கு ஊழியம் செய்யப் போனார்.

இதை வெஸ்லியைக் குறை சொல்ல எழுதவில்லை. அவர் எப்வொர்த்தில் உட்கார்ந்திருந்தால் மெதடிஸ்ட் இயக்கமே இருந்திருக்காது. அது உண்மை. சுசன்னா வீடில்லாமல் போனதும் உண்மை. ஒன்று இன்னொன்றை அழித்துவிடாது. ஊழியம் பெருகியது என்ற வரவை மட்டும் எழுதிவிட்டு, சுசன்னா என்ற செலவை எழுதாமல் விட்டால் அதற்குப் பெயர் பேலன்ஸ் ஷீட் இல்லை. பி.காம் முதல் வருடத்திலேயே ஃபெயில் போட்டுவிடுவார்கள் :)

கல்யாணத்தால் பிரசங்கியின் பயணம் ஒரு நாள்கூடக் குறையக் கூடாது என்பது வெஸ்லியின் கொள்கை. 1751ல் மேரி வஸீல் என்ற விதவையை மணந்தபின் அதை அப்படியே கடைப்பிடித்தார். விளைவு ஊரறிந்தது. அந்த அம்மா பலமுறை வீட்டை விட்டுப் போனார். 1781ல் அவர் இறந்தபோது அடக்கத்தில் வெஸ்லி இல்லை. இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். 1748ல் அவர் கிங்ஸ்வுட் என்ற இடத்தில் தொடங்கிய பள்ளி, நாளடைவில் ஊர் ஊராகப் போகும் பிரசங்கிகளின் மகன்களுக்கான விடுதிப் பள்ளியாக ஆனது. அப்பாக்களை மாற்றிக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது என்று அர்த்தம். ஏதோ ஒரு பதிலாவது கொடுத்தார்கள். ஆனால் மகன்களுக்கு மட்டும். மகள்களின் படிப்பு வெகு காலம் கழித்துத்தான் யார் நினைவுக்கும் வந்தது.

"பேராயர் மாற்றுவதுதானே பிரச்சினை? சபையே தன் போதகரைத் தேர்ந்தெடுக்கட்டும், பிடிக்கிற வரை வைத்துக்கொள்ளட்டும்" என்று சிலர் சொல்வார்கள். அதையும் உலகம் செய்து பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் நார்தாம்ப்டன் என்ற ஊரில் ஜொனத்தன் எட்வர்ட்ஸ் 1727லிருந்து போதகர். பெரிய இறையியலாளர். சம்பளத் தகராறு கொஞ்ச நாளாகவே இருந்தது. ஐயர் வீட்டில் செலவு அதிகம் என்று ஊரில் பேச்சு. பிறகு யாருக்கு இராப்போஜனம் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதில் பெரிய சண்டை வந்தது. 1750ல் சபை ஓட்டுப் போட்டு அவரை நீக்கிவிட்டது. வீட்டில் பத்துப் பிள்ளைகள், கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. வயது 46. வேறு வேலை தெரியாது. இதில் கொடுமை என்னவென்றால், உடனே வேறு ஆள் கிடைக்காததால் நீக்கிய சபையே சில மாதம் அவரை அதே பிரசங்க பீடத்தில் பேசக் கூப்பிட்டது! அவரும் போய்ப் பேசினார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மனைவி சாராவும் பிள்ளைகளும் கோவிலில் உட்கார்ந்து எதைப் பார்த்திருப்பார்கள்? ஓட்டுப் போட்டவர்களின் முதுகை.

1751ல் அந்தக் குடும்பம் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற எல்லைப்புற ஊருக்குப் போனது. அங்கே பெரும்பாலும் மொஹிக்கன் பூர்வகுடிகள். வருமானம் சுருங்கியது. ஆனால் ஆறு வயது மகன், அப்பாவின் பெயரையே கொண்டவன், தெருப் பிள்ளைகளோடு விளையாடி விளையாடி மொஹிக்கன் மொழியை இங்கிலீஷை விடச் சரளமாகப் பேசினான். வளர்ந்தபின் 1788ல் அந்த மொழியின் அமைப்பைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டான். புது ஊர் பிள்ளைகளுக்கு எதுவும் தருவதில்லை என்று சொன்னால் அது பொய். தரும். ஆனால் என்ன தரும், எதைப் பறிக்கும் என்று கிளம்பும்போது யாருக்கும் தெரியாது. இதே எட்வர்ட்ஸ் 1758 ஜனவரியில் பிரின்ஸ்டன் கல்லூரித் தலைவராக, குடும்பத்தைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு முன்னால் போனார். பெரியம்மைக்கு ஊசி போட்டுக்கொண்டதில் மார்ச் மாதமே இறந்துவிட்டார். சாரா அப்போது இன்னும் ஸ்டாக்பிரிட்ஜில்தான் இருந்தார்.

ஆகவே பேராயர் மாற்றினாலும் சரி, சபை துரத்தினாலும் சரி, சாமான் கட்டுவது ஒரே ஆட்கள்தான்.

தெற்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் சபைகள் நன்றியோடு நினைக்கிற மிஷனரிப் பெயர்களை எடுத்துப் பாருங்கள். 1841ல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் ஏறக்குறைய நாற்பது வருடம் அந்த ஊரோடு வாழ்ந்தார். அங்குள்ள பரிசுத்த திரித்துவ ஆலயம் 1847ல் ஆரம்பித்து 1880ல்தான் பிரதிஷ்டை ஆனது. மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் 1837லிருந்து 1870ல் இறக்கும் வரை. நாசரேத்தில் மர்காஷியஸ் 1876லிருந்து 1908ல் இறக்கும் வரை. இவர்களெல்லாம் மூன்று வருடத்தில் லாரி ஏறியிருந்தால் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கோபுரமும் வந்திருக்குமா? கால்டுவெல்லின் மனைவி எலைசா, நாகர்கோவிலில் மிஷனரியாக இருந்த சார்லஸ் மால்ட்டின் மகள். தமிழ் பேசி வளர்ந்தவர். இடையன்குடியில் பெண் பிள்ளைகளுக்குப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக் கொடுத்தார். அந்த வேலைக்கு வேர் பிடிக்க வருடங்கள் தேவைப்பட்டன, கிடைத்தன. இன்றைய ஐயரம்மாவுக்கு அந்த வருடங்கள் கிடையாது. ஆனால் "அந்தக் காலத்து மிஷனரி அம்மாமார் மாதிரி வருமா?" என்ற ஒப்பீடு மட்டும் உண்டு.

ஐயரம்மாவைப் பற்றி வருவோம். சம்பளம் ஒருவருக்கு, வேலை இருவருக்கு. இது எழுதப்படாத ஒப்பந்தம். வழக்கப்படி பல இடங்களில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அவர்தான் தலைவி. ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, துக்க வீடு, மஞ்சள் நீராட்டு, பிரசவம் பார்க்கப் போவது, அசனத்துக்குக் காய்கறி வெட்டும் இடத்தில் தலை காட்டுவது... எதற்குப் போகவில்லையோ அதைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். பாடினால் "ஐயரம்மா முன்னால நிக்காங்க". பாடாவிட்டால் "போன அம்மா என்னமா பாடுவாங்க!"

பேங்க் ஆபீசருக்கும்தான் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ட்ரான்ஸ்ஃபர். அவர் மனைவி அந்தக் கிளையின் வாடிக்கையாளர் சங்கத் தலைவியாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. மேனேஜர் வீட்டு அம்மா கவுண்டரில் வந்து சிரிக்கவில்லை என்று எந்த டெபாசிட்தாரரும் புகார் எழுதுவதில்லை. அதோடு, சாமான் ஏற்ற படி உண்டு, புது இடத்தில் சேர அவகாசம் உண்டு, வீட்டுக் கடன் உண்டு. கணவன் மனைவி இருவரும் அரசு ஊழியர் என்றால் கூடியவரை ஒரே ஊரில் போட வேண்டும் என்று மத்திய அரசு 1986லேயே வழிகாட்டுதல் கொடுத்தது. அரசுக் குடியிருப்பில் இருப்பவர் மாற்றலானால், பிள்ளைகளின் படிப்பைக் காரணம் காட்டிச் சில மாதம் வீட்டை வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அன்பைப் பற்றி ஒரு வரிகூடப் பேசாத அரசாங்க ரூல் புத்தகத்துக்குத் தெரிந்த விஷயம் இது. ஞாயிறுதோறும் அன்பைப் பேசுகிற இடத்துக்குத் தெரியாமல் இருக்கலாமா?

ஐயரம்மாவுக்குத் தனியார் வேலை என்றால் இன்னும் சிக்கல். திருமண்டலப் பள்ளி டீச்சர் என்றாலாவது ஏதாவது வழி பண்ணலாம். நர்ஸோ, தனியார் காலேஜ் லெக்சரரோ, ஐடி கம்பெனியோ என்றால் இரண்டே வழி. வேலையை விட வேண்டும், அல்லது இரண்டு அடுப்பு எரிய வேண்டும். இரண்டு அடுப்பு எரிந்தால் சபையில் ஒரு கேள்வி புகையும். "ஐயரம்மா ஏன் கூட வரலை?" இந்தக் கேள்விக்கு ஐயர் முப்பது வீட்டில் பதில் சொன்னாலும் முப்பத்தோராவது வீட்டில் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். பெண்களையும் குருவாக அபிஷேகம் பண்ணலாம் என்று சிஎஸ்ஐ 1970களிலேயே வாசலைத் திறந்தது. சில வீடுகளில் இருவருமே குரு. அங்கே இந்தக் கணக்கு இன்னும் சிடுக்கு.

பிள்ளைகளின் விஷயம் வேறு மாதிரி. ஆறாம் வகுப்பு ஒரு ஊரில், ஒன்பதாம் வகுப்பு இன்னொரு ஊரில், பிளஸ் டூ நடுவில் லிஸ்ட். ஸ்கூலுக்கு டி.சி. வாங்குவது சுலபம், சிநேகிதத்துக்கு டி.சி. கிடையாது. போகிற ஊரிலெல்லாம் அவனுக்கு ஒரே பெயர்தான், "ஐயர் மகன்". ஊரில் பத்துப் பையன்கள் சேர்ந்து சினிமாவுக்குப் போனால் ஒன்பது பேர் சினிமாவுக்குப் போனார்கள். பத்தாமவன் மட்டும் "ஐயர் வீட்டுப் பிள்ளையா இப்படி!"

ஆனால் இதையெல்லாம் விடக் கஷ்டம், விசுவாசம் சம்பந்தப்பட்டது. மற்றப் பிள்ளைகளுக்குக் கோவில் கோவிலாக இருக்கிறது. ஐயர் வீட்டுப் பிள்ளைக்கு அது அப்பாவின் ஆபீஸ். திரைக்குப் பின்னால் நடப்பது அவனுக்குத் தெரியும். கமிட்டிக் கூட்டம் முடிந்து இரவு பதினொரு மணிக்கு அப்பா சாப்பிடாமல் படுப்பது தெரியும். காலையில் பரிசுத்த சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுத் தலையாட்டிய பெரியவர், நேற்று ராத்திரி அதே அப்பாவை என்ன பேச்சுப் பேசினார் என்பதும் தெரியும். கிறிஸ்துமஸ் அன்று அப்பா விடிகாலை நாலு மணிக்கு ஒரு சபை, அப்புறம் அடுத்த சபை, அதற்கடுத்த சபை என்று முடித்துவிட்டு மத்தியானம் திரும்பும்போது அவருக்குப் பேசக் குரல் இருக்காது. ஊருக்கெல்லாம் பண்டிகை, அந்த வீட்டுக்கு ஓவர்டைம். இப்படி வளர்கிற பிள்ளைகளில் சிலர் அப்பா மாதிரியே செமினரிக்குப் போகிறார்கள். சிலர் வேலை கிடைத்து வெளியூர் போன முதல் ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாகத் தூங்குகிறார்கள். இரண்டாவது வகையைப் பார்த்து "பாருங்க, ஐயர் பிள்ளையே கோவிலுக்கு வரல" என்று சொல்லும் முன், அந்தத் தூக்கத்துக்குச் சபை எவ்வளவு காரணம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. எல்லா இழப்பும் லாரியில் ஏறாது. போன ஊரில் பெற்ற பிள்ளையையோ, கூட வந்திருந்த வயதான அம்மாவையோ அடக்கம் பண்ணிவிட்டு வந்த குடும்பங்கள் உண்டு. கல்லறைத் திருநாளில் ஊரில் எல்லோரும் தங்கள் தங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூ வைக்கும்போது, ஐயர் இந்த ஊர்க் கல்லறைகளில் ஜெபம் பண்ணிக்கொண்டிருப்பார். அவர் வீட்டுக் கல்லறை எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

இதற்கெல்லாம் வழக்கமாக ஒரே பதில்தான் வரும். ஊழியம் என்றால் தியாகம், லேவியருக்குச் சொந்த நிலம் கிடையாது, கர்த்தரே அவர்கள் பங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே வேதத்தில் அடுத்த பக்கத்தையும் வாசிக்க வேண்டும். லேவியருக்கு விளைநிலத்தில் பங்கு கிடையாது, சரி. குடியிருக்க 48 பட்டணங்களும், ஆடுமாடு மேய்க்கச் சுற்றிலும் நிலமும் கொடுக்கச் சொல்லி எண்ணாகமத்தில் இருக்கிறது. லேவியராகமம் 25ஐப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். மற்றவர்கள் மதிலுள்ள பட்டணத்தில் வீட்டை விற்றால் ஒரு வருடத்துக்குள் மீட்க வேண்டும், இல்லாவிட்டால் போனது போனதுதான். லேவியருக்கு மட்டும் அந்தக் கெடு கிடையாது, எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். அதாவது, நிலம் இல்லாதவனுக்கு வீடாவது நிலைக்க வேண்டும் என்று தனிச் சட்டம். ஆபிரகாமின் புறப்பாட்டையும் உதாரணம் காட்டுவார்கள். அழைப்பு ஆபிரகாமுக்கு வந்தது என்று எழுதியிருக்கிறது. சாராளிடம் யாராவது கேட்டதாக எழுதியிருக்கவில்லை. எழுதாததை "கேட்கத் தேவையில்லை" என்று எடுத்துக்கொண்டது பிற்காலத்து ஆட்கள்.

வீட்டு விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஐயர் 30 வயதில் சேர்ந்து 60 வயதில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பெயரில் மாதம் 3000 ரூபாயைத் தனியாக ஒரு வீட்டு நிதியில் போட்டுவந்தால், வருடத்துக்கு 7 சதவீத வட்டி மாதாமாதம் சேர்வதாகக் கணக்கிட்டால், 30 வருடத்தில் சுமார் 36 லட்சத்து 60 ஆயிரம் வரும். போட்டது 10 லட்சத்து 80 ஆயிரம்தான். அதையே கடைசிப் பத்து வருடத்தில் நினைவு வந்து ஆரம்பித்தால் சுமார் 5 லட்சத்து 20 ஆயிரத்தோடு நின்றுவிடும். விலைவாசி ஏற்றத்தைக் கழித்தால் 36 லட்சத்தின் மதிப்பும் குறையும், மறுக்கவில்லை. ஆனாலும் டவுனை விட்டுத் தள்ளி இரண்டு சென்ட் நிலமும் ஒரு ஓட்டு வீடும் என்ற அளவுக்காவது வரும். முப்பது வருடம் குருமனையில் வாடகையில்லாமல் இருந்தவருக்கு எதற்கு வீடு என்று கேட்பவர்கள், 60வது பிறந்தநாளுக்கு மறுமாதம் அவர் சாமான் எந்த வாசலில் இறங்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். சில ஐயர்மார் மாமனார் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். சுசன்னா வெஸ்லியின் கதை அப்படியே தொடர்கிறது, ஊர் மட்டும் வேறு.

பணம் செலவாகாத காரியங்களும் இருக்கின்றன. லிஸ்ட்டை மே மாதம் தொங்கவிடாமல் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டால் என்ன? பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷன் பார்க்க நேரம் கிடைக்கும், ஐயரம்மா வேலைக்கு நோட்டீஸ் கொடுக்க நேரம் கிடைக்கும். வீட்டில் பத்தாவதோ பிளஸ் டூவோ படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த ஒரு வருடம் தொடாமல் விடலாம். ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரே ஒரு பக்கத்துக்கு ஒரு பாரம் வாங்கலாம். பிள்ளைகள் எந்த வகுப்பு, அம்மா எங்கே வேலை, வீட்டில் மருத்துவம் பார்க்கிறவர் யாராவது இருக்கிறார்களா, அவ்வளவுதான். கேட்டதையெல்லாம் கொடுக்க முடியாது, அது எல்லோருக்கும் தெரியும். தேரிக்காட்டுச் சபைக்கும் யாராவது போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் கேட்டுவிட்டு முடியாது என்பதற்கும், கேட்காமலே தூக்கிப் போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. (தேர்தல் நேரத்து ட்ரான்ஸ்ஃபர்களைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும். பாரம் ஒன்று இருந்தால், எதற்காக மாற்றினோம் என்று எழுதவும் ஒரு கட்டம் வேண்டியிருக்கும். அதுவே பாதி மருந்து.)

சபைக்காரர்கள் பேராயர் அலுவலகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. புது ஐயர் வருகிற அன்று மேளம், வெடி, ஆளுயர மாலை எல்லாம் தடபுடலாக இருக்கும். இரவு ஏழு மணிக்கு எல்லோரும் போனபிறகு ஐயரம்மா குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. கழிவறைத் தாழ்ப்பாள் ஆணி இல்லாமல் தொங்கும். கேஸ் இன்னும் மாற்றலாகியிருக்காது. மழைக்கு ஒழுகும் ஓட்டை போன ஐயர் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார், புது ஐயர் முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார். போன அம்மாவைப் பற்றிப் பேசாமல் ஆறு மாதம் இருப்பது, ஐயரம்மா சங்கத் தலைவியாக விரும்புகிறாரா என்று ஒரு வார்த்தை கேட்பது, பையனை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது, இதற்கெல்லாம் எந்தத் திருமண்டலத் தீர்மானமும் வேண்டியதில்லை.

வருகிற மே மாதம் வரவேற்புக்கு எத்தனை மாலை, எத்தனை பிளக்ஸ் என்று சேகரக் கமிட்டி கூடும். அந்தக் கூட்டத்துக்குப் போகிற வழியில் யாராவது ஒருவர் குருமனைப் பக்கம் எட்டிப் பார்த்து, கிணற்று மோட்டார் ஓடுகிறதா என்று சுவிட்ச் போட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம்.